ஐந்து நிமிட பேட்டரி

பேட்டரி வீங்கும் என்று எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முறுக்கு அடைத்து வைக்கும் தகர டின் ஒன்றில்தான் என் கணவருடைய மாதிரி விமானத்தின் பேட்டரிகள் இரண்டும் இருந்தன. தீப்பிடித்தாலும் டின்னுக்குள்ளேயே அடங்கட்டும் என்று அவர் அப்படி வைத்திருந்தார். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல அந்த டின்னைத் திறந்தேன். சோப்புக் கட்டி போலத் தட்டையாக இருக்க வேண்டியவை குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தன. மேலே சுற்றியிருந்த நீல உறை இழுபட்டு எழுத்துகள் அகன்று கிடந்தன. நகப்பூச்சு வாடை போல லேசாக ஒரு வாடையும் வந்தது.

என் மகள் என் கைக்கடியில் புகுந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான்கு வயது.

"அம்மா, அதுக்கு வயிறு வலிக்குதா?"

அவளைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். டின்னை இரண்டு கையாலும் எட்டப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கறிவேப்பிலைத் தொட்டிக்காக வாங்கிய மணல் மூட்டையில் பாதி மீதமிருந்தது. அதை வாளியில் கொட்டி, பேட்டரிகளை உள்ளே புதைத்து, மேலேயும் மணல் போட்டேன். போதுமா என்று சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் போட்டேன். செடி பக்கத்தில் இருக்கிறதே என்று வாளியை நகர்த்தினேன். நகர்த்தி முடித்து உள்ளே வந்த பிறகுதான் வாளி பிளாஸ்டிக் என்பது உறைத்தது. மறுபடி போய், பழைய அலுமினியச் சட்டி ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். என் வாழ்க்கையில் எந்த வேலையும் ஒரே தடவையில் முடிந்ததில்லை.

அவருக்குச் சரவாக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. மூன்று மாதம் போல அங்கே இருப்பார். வந்தால் ஒரு வாரம், சில சமயம் அதுவும் இல்லை. கைப்பேசியில் பேசுவோம், ஆனால் அங்கே சிக்னல் வரும், போகும். ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடியில் நானும் மகளும் மட்டும். அவள் பிறக்கும் வரை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். வேலையில் இருந்தவரை நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவள் நான். இப்போது சில நாள் காலையில் மீன்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினால், அதன் பிறகு பெரியவர்கள் யாரோடும் பேச்சே இருக்காது.

போன தடவை கிளம்பும்போது வாசலில் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "வரும்போது பேட்டரி ரெடியா இருந்தா நல்லாருக்கும்மா," என்றார். சொன்னது அவ்வளவுதான். நான் மறுநாளே இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதித்து, குறைந்திருந்தால் மறுபடி நிரப்பினேன். அவருடைய கைலியைத் துவைத்து மடித்து வைப்பது போல, அவர் குடிக்கும் காப்பித் தூள் தீராமல் பார்த்துக்கொள்வது போல, இதையும் செய்தேன். இந்த வகை பேட்டரியை முழுதாக நிரப்பி வாரக்கணக்கில் வைக்கக் கூடாது, சும்மா இருக்கும் காலத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்க வேண்டும், நிரம்பிய நிலையிலேயே வெயிலில் கிடந்தால் உள்ளே வாயு உண்டாகி வீங்கும் என்பதையெல்லாம் வீங்கிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் அலமாரி இருப்பது மேற்கு வெயில் அடிக்கும் சுவரில். ஒரு சோம்பேறி மனைவியிடம் கொடுத்திருந்தால் அவை நன்றாக இருந்திருக்கும்.

பேட்டரி போனால் போகிறது என்று விட்டுவிடலாம்தான். நான் பதறியதற்குக் காரணம், போன தடவை நடந்தது.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். திரையில் பார்த்துப் பேசிய முகம் இவ்வளவு உயரமாக, வியர்வை வாடையோடு, குனிந்து கையை நீட்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முதல் மூன்று நாளும் அவர் இருக்கும் அறைக்குள் அவள் தனியாகப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, "அந்த அங்கிள் எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அவர் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை, தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் விமானத்தை எடுத்துக்கொண்டு கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையிலிருக்கும் சுங்கை பாக்காப்புக்குப் போனோம். அவருடைய அக்கா அங்கே இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி யாரும் பயன்படுத்தாத ஒரு திடல் உண்டு. நாங்கள் இருக்கும் தீவில் இதற்கு இடமில்லை. ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் விமான நிலையம். அந்தத் திடலில் வெள்ளை விமானம் எழும்பிச் செம்பனை மேல் வளைந்து திரும்பியபோது, என் பின்னால் நின்றவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். "அப்பா! இன்னும் மேல! அப்பா!" நான் சொல்லிக் கொடுக்காமல் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று மாலை முழுவதும் அவர் மடியில் இருந்தாள். மறுநாளே அவர் கடலுக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை அவருக்குக் கிடைத்திருப்பது நான்கு நாள் விடுப்பு. விமானம் இல்லாவிட்டால் நான்கு நாளும் 'அங்கிள்' ஆகவே கழிந்துவிடும். அடுத்த முறை வரும்போது அவள் இன்னும் கொஞ்சம் பெரியவளாகியிருப்பாள்; இன்னும் கொஞ்சம் மறந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்தபோது பேட்டரி விஷயத்தைச் சொன்னேன்.

"ஃபுல்லாவா வெச்ச? இவ்ளோ நாளும்?"

"நீங்கதானங்க ரெடியா இருக்கணும்னு சொன்னீங்க."

"நான் சொன்னது… சரி விடும்மா. அதுல கைய கிய்ய வெச்சிராத. மணல்லயே கெடக்கட்டும், வந்து பாத்துக்குறேன். அடுத்த தடவ பறக்க விடலாம்."

"பாப்பா ஆசையா இருப்பாளேன்னு பாத்தேன்."

"அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது," என்றார். கோபமில்லை, வருத்தம் கூட இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலிலேயே சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மூன்று தடவை திருப்பி அழைத்துப் பார்த்தேன். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

இணையத்தில் விற்பவர்கள் எல்லாரும் பெருநாள் முடிந்துதான் அனுப்புவோம் என்றார்கள். டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இந்தப் பொருள்கள் விற்கும் கடை ஒன்று இருப்பது தெரிந்தது. திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரச் சீனப் பெண்மணி நாற்காலி மேல் ஏறிச் சிவப்புக் காகித விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய பேட்டரியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

"ஹாபிஸ் லா, மிஸ்," என்றார் இறங்காமலே. தீர்ந்துவிட்டது. லீவு வருகிறது என்று எல்லாரும் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். நாளையிலிருந்து கடையும் அடைப்பு. திறக்கப் பத்து நாளுக்கு மேலாகும்.

மீதமிருந்தவை இரண்டு. ஒன்று பழையது போலவே பெரியது, ஆனால் உள்ளே மூன்று செல்லுக்குப் பதில் நான்கு. இன்னொன்று மூன்று செல்தான், ஆனால் கைக்குட்டை மடித்த அளவுக்குச் சின்னது.

"நாலு செல் லாகி குவாட். ஹஸ்பண்ட் சந்தோஷப்படுவாரு," என்றார். கூடுதல் பலம். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு பேருக்குச் சமைக்கும்போதும் நான்கு பேருக்கு அரிசி போடுகிறவள் நான். குறைந்துபோனால் என்ன செய்வது என்ற பயம்தான் எனக்கு எப்போதும். மிஞ்சினால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான்கு செல்லை வாங்கிக்கொண்டேன். மகளுக்கு அவர் ஒரு மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தார்.

காரில் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் மெதுவாக வந்தது. வீட்டில் விமானத்தை எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மோட்டாரின் மேல் 1000 என்று இருந்தது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு கண்ட்ரோலர் இருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். அதன் மேல் 30 ஆம்பியர் என்றும், நான்கு செல் வரை போடலாம் என்றும் எழுதியிருந்தது. போடலாம் என்று எழுதியிருக்கிறதே, பிறகென்ன என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனத்துக்கு ஒரு காட்சி நினைவு வந்தது.

போன தடவை அவர் விமானத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் இடையில் ஒரு சின்ன மீட்டரை மாட்டி, மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டார். நான் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். திரையில் 22 என்று நின்றது. "பாத்தியா, முப்பதுக்குள்ள இருக்கு. அதான் கணக்கு," என்றார். நான் "ம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்று, அது என்ன கணக்கு என்று கேட்டிருக்கலாம். அவரும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பார்.

பல்கலைக்கழகத்துக்கு முன் ஆறாம் படிவத்தில் படித்த இயற்பியலைத் தோண்டி எடுத்தேன். மோட்டாரில் இருந்த ஆயிரம் என்பது, ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று. மூன்று செல் என்றால் பதினோரு வோல்ட், நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று. நான்கு செல் என்றால் கிட்டத்தட்ட பதினைந்தாயிரம். மோட்டார் பாவம், எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் அதற்கேற்ப ஓடத்தான் பார்க்கும். ஆனால் அதன் நுனியில் விசிறி இருக்கிறது. விசிறி காற்றைத் தள்ள வேண்டும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிடப் பல மடங்கு கூடும். அந்தச் சுமைக்கு மோட்டார் பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் அந்தத் தீப்பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு ஆம்பியர் கிட்டத்தட்ட முப்பத்தொன்பதாகும். கண்ட்ரோலர் தாங்குவது முப்பது. அதில் எழுதியிருந்த நான்கு செல் வோல்ட்டுக்குத்தான் பொருந்தும். இதே விசிறியோடு நான்கு செல்லைப் போட்டால், செம்பனைக்கு மேலே, என் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகையும். சின்ன விசிறி மாட்டினால் சரியாகும் என்றும் படித்தேன். எந்த அளவு, எப்படி மாட்டுவது, அதற்கெல்லாம் எனக்குத் துணிச்சல் இல்லை.

மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி மாடி ஏறினேன். இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து கூப்பிட்டேன். சின்னதையே கொடுங்கள் என்றதும் அந்தப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலாயில் கேட்டார்: "மிஸ், புருஷனையும் இப்படித்தான் மாத்தி மாத்தி எடுத்தீங்களா?"

"இல்ல, அவர மட்டும் யோசிக்காம எடுத்தேன்," என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். அந்த வாரத்தில் நான் ஒருவரைச் சிரிக்க வைத்தது அப்போதுதான். இறங்கிப் போகவே மனம் வரவில்லை. ஆனால் அவருக்கு அடைக்க வேண்டியிருந்தது.

சின்ன பேட்டரி இருபத்திரண்டு ஆம்பியரைச் சிரமமில்லாமல் கொடுக்கும்; அதைக் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால் அதில் இருக்கும் மின்சாரம் குறைவு. பாதி வேகத்தில் ஓட்டினால் ஐந்து நிமிடம் தாங்கும். அதற்கு மேல் ஓட்டி அடிவரை காலி செய்தாலும் இந்த பேட்டரி கெட்டுப்போகும். நிரப்பியே வைக்கவும் கூடாது, காலி செய்யவும் கூடாது. ஐந்து நிமிடம் போதுமா என்று பாலத்துப் பக்கம் திரும்பும் சிக்னலில் நின்றபோது யோசித்தேன். போன தடவை அவள் என் கையை உதறுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நிமிடம் கூட இருக்காது.

வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் அடுத்த பிரச்சினை. பழையதைவிட இது எடை குறைவு. பேட்டரி இருப்பது விமானத்தின் மூக்குப் பக்கம். அங்கே எடை குறைந்தால் வால் தொங்கும். வால் கனத்த விமானம் எழும்பியதும் மேல்நோக்கித் தலையைத் தூக்கி, பிடிப்பு இல்லாமல் விழும். இறக்கையின் அடியில் அவர் கறுப்பு மையால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். அந்த இரண்டு புள்ளியில் விரலால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். என் ஒரு கை எடையைச் சேர்க்க வேண்டும் என்பதால், தாங்குவதற்கு மகளைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேசையில் முழங்கை ஊன்றி, இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டி உட்கார்ந்தாள். விமானத்தை மெல்ல அவள் விரல்மேல் வைத்தேன்.

"வால் கீழ போவுதும்மா!"

பேட்டரியை முடிந்தவரை முன்னால் தள்ளினேன். அப்போதும் வால் கீழேதான் போனது. ஜெலுத்தோங் கடலோரத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்கு இறங்கிப் போய், ஈயக் குண்டு வாங்கி வந்தோம். மூக்குக்குள் ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒவ்வொரு குண்டுக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் விமானம் அவள் விரல்களில் அப்படியே நின்றது. அவள் அசையவில்லை. "அம்மா, நான் பிளேன் தூக்கிட்டு இருக்கேன்," என்று கிசுகிசுத்தாள்.

வேறு யாரும் இல்லாததால் எல்லாவற்றையும் அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் பசியோடு இருக்கும், கண்ட்ரோலர் அதைச் சாப்பிட விடாமல் பிடித்துக்கொள்ளும், பேட்டரிக்கு நிறைய ஊட்டினால் வயிறு வீங்கும் என்றெல்லாம். அவளுக்குப் புரிகிறதா என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பேச வேண்டியிருந்தது.

முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் விட எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் ஓட்டவும் பயம். அதனால் மகளை உள்ளே விட்டு, கம்பிக் கதவைப் பூட்டி, விமானத்தை வெளி நடையின் தடுப்புக் கம்பியோடு அவருடைய பழைய கைலியால் கட்டினேன். பின்னால் நின்றுகொண்டு ரிமோட்டைத் தள்ளினேன். சத்தம் பதினான்காவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியம்மா கதவைத் திறந்து, "வாஹ், புதுக் கீப்பாஸா?" என்றார். புது மின்விசிறியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை. மீட்டரில் 21 வந்து நின்றது. நிறுத்திவிட்டுக் கண்ட்ரோலரைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கம்பிக்கு உள்ளேயிருந்து மகள் கேட்டாள்: "முப்பதுக்குள்ளயாம்மா?"

"முப்பதுக்குள்ளதான்," என்றேன். அதே துணிக்கூடை வாசலோரம் இருந்தது.

விமான நிலையத்தில் அவள் மறுபடி என் பின்னால் ஒளிந்தாள். இந்தத் தடவை அவர் குனியவில்லை, கையை நீட்டவில்லை. "வாங்க போலாம்," என்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் அன்று முழுவதும் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். இரண்டாம் நாள் காலை, "சுங்கை பாக்காப் போலாம், விமானத்தையும் எடுத்துக்குங்க," என்றேன். "பேட்டரி இல்லாம எதுக்கும்மா?" என்றார். "எடுத்துக்குங்க," என்றேன்.

திடலில் அண்ணி, அவருடைய அக்கா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "மூணு மாசம் கழிச்சு வந்தவன் பொண்டாட்டி மூஞ்சப் பாக்காம பிளேன் மூஞ்சப் பாக்குறான், பாரேன்," என்றார் பொதுவாக. கணவர் விமானத்தின் மேல் மூடியைத் திறந்தார். பேட்டரியை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னா, இவ்ளோ சின்னதா இருக்கு? இது தூக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தூக்கும். மூக்குல ஈயம் வெச்சிருக்கோம்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் என் முந்தானைக்குள் பாதி மறைந்து நின்றிருந்தாள்.

"ஈயமா? எதுக்கு?"

"வால் கீழ போச்சு. அதான்."

அவர் மெல்லப் புல்லில் குந்தினார். "அப்பாவுக்குத் தெரியலையே. எப்பிடிப் பாத்தீங்க?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதாவது சொன்னால் கெட்டுவிடும் என்று தோன்றியது. அவள் முந்தானையை விட்டுவிட்டு, அவர் எதிரே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டினாள். அவர் விமானத்தை எடுத்து, அடியிலிருந்த புள்ளிகளைப் பார்த்து, அந்த விரல்கள்மேல் வைத்தார். நின்றது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரும்தான்.

"ஃபுல்லா போடாதப்பா," என்றாள் பிறகு. "பாதி போதும். அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அவர் என் பக்கம் பார்த்தார். நான் கைப்பேசியில் நேரத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் எழும்பியது. இந்த முறை அவள் ஓடவில்லை. அவர் காலடியிலேயே நின்றாள். பிறகு அவர் ரிமோட்டைத் தாழ்த்தி, அவள் கட்டைவிரலைக் குச்சியின் மேல் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்தார். விமானம் பெரிய வட்டமாகச் செம்பனை மேல் சுற்றியது. நான் கொஞ்சம் தள்ளி, பை, கைப்பேசி, அவளுடைய தண்ணீர் போத்தல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குக் காற்றில் கேட்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. ஐந்து நிமிடம். இன்னும் அரை நிமிடம் கொடுக்கலாமே என்று மனம் கெஞ்சியது. அரை நிமிடம் ஒரு நிமிடமாகும். என்னால் யோசிக்க முடிந்ததெல்லாம் கெட்டுப்போன இரண்டு பேட்டரிகள் பால்கனி மணலில் கிடப்பதுதான்.

"இறக்குங்க!" என்று கத்தினேன். அவர் உடனே இறக்கினார்.

மறுபடி பறக்க விட வேண்டும் என்று அவள் குதித்தாள். ஒரே ஒரு பேட்டரி. சார்ஜ் ஏற ஒரு மணி நேரமாகும். அண்ணி வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் சார்ஜரை வைத்து, அப்பாவும் மகளும் சிமெண்டுத் தரையில் அதன் எதிரே உட்கார்ந்தார்கள். நான் உள்ளே அண்ணிக்குத் துணையாகப் பஜ்ஜி போட்டேன்.

"பறக்குறது அஞ்சு நிமிஷம், சார்ஜ் போடுறது ஒரு மணி நேரம்," என்றார் அண்ணி எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. "என் தம்பி மாதிரியேதான் இருக்கு."

நான் சிரித்தேன். ஜன்னல் வழியாக மகளின் குரல் வந்தது. அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள். மோட்டாருக்கு எப்பவும் பசி. கண்ட்ரோலர் குடுக்காது, புடிச்சுக்கும். நிறைய ஊட்டினா பேட்டரிக்கு வயிறு வீங்கிரும், அப்புறம் மணல்ல படுக்க வெக்கணும். ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. மூன்று மாதமாக அந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் அம்மா சொன்னாங்களா?" என்று அவர் கேட்டார்.

"ம். அம்மா எல்லாம் எங்கிட்டதான் சொல்லுவாங்க. அங்க வேற யாருமே இல்லல்ல."

அடுப்பில் எண்ணெய் மட்டும் கேட்டது. அவர் எழுந்து உள்ளே வருவார் என்று நினைத்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி நின்றேன். அவர் வரவில்லை. பிறகு, "இப்ப என்னா நம்பர் காட்டுது, படி," என்று அவளிடம் கேட்கும் குரல் வந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். பார்த்தபோது அவள் அவர் மடியில் இருந்தாள். நான் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன். ஒரு பக்கம் கருகியிருந்தது.

கடைசி நாள் மறுபடி போவதாக இருந்தது. காலையிலேயே பேட்டரியை முழுதாக நிரப்பி வைத்தேன். மழை விடவே இல்லை. மூவரும் பால்கனிக் கண்ணாடி வழியாகப் பாலத்தை மறைத்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். அவள் அழுதாள். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உள்ளே போக விடாமல் அழுதாள். அவளைப் பிரித்தெடுத்தது நான்தான். அவள் என்னை அடித்தாள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மழை இல்லாம இருந்தா நல்லாருந்துருக்கும்," என்றார் அவர் என்னிடம். வேறு ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. "வீங்குனது ரெண்டையும் கடைக்காரங்ககிட்டயே குடுத்துரு, வாங்கிக்குவாங்க," என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை, மகள் பால் குடித்து முடித்ததும், பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினேன். நிரப்புவதற்கு அல்ல, இருப்பதைக் குறைத்துப் பாதியில் நிறுத்துவதற்கு. அதற்கென்று சார்ஜரில் ஒரு பொத்தான் உண்டு. நிரப்புவதைவிட இதற்கு அதிக நேரம் ஆகிறது. மகள் தாடையை மேசையில் வைத்துக்கொண்டு எண்கள் மெதுவாக இறங்குவதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

சார்ஜர் முடிந்துவிட்டதாக ஒலி எழுப்பியதும் என் கைப்பேசியை அவளே எடுத்தாள். அவருடைய படத்தைத் தேடி அழுத்தி, வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அப்பா, பாதி வெச்சாச்சு. நீங்க வர வரைக்கும் வீங்காது."

அந்தக் குரல் செய்தியை அனுப்பிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் பேட்டரியை முறுக்கு டின்னில் வைத்து, டின்னை வெயில் படாத பக்கத்து அலமாரிக்கு மாற்றினேன். பிறகு கைப்பேசியைப் பார்த்தேன். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைக் குறிதான் இருந்தது. அங்கே சிக்னல் இல்லை போலும். மேசையைத் துடைத்துவிட்டு வந்து, மறுபடி பார்த்தேன்.